வந்தாரை வாழவைத்த அன்னை கபிரினி

நம் ஆலய விழா மலருக்குப் புனிதர் ஒருவரின் வரலாறு எழுதித் தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நம் பங்கின் பாதுகாவலரைப் பற்றி எழுதுவதுதான் முறை. ஆனால் ஆண்டுதோறும் நவநாள் ஒன்பது நாளும் அவரைப் பற்றிய பிரசங்கம் கேட்டுக் கேட்டு உங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. மீண்டும் அதையே எழுதினால் பக்கத்தைப் புரட்டிவிட்டு விளம்பரங்களைப் பார்க்கப் போய்விடுவீர்கள். ஆகவே இத்தாலியில் பிறந்து அமெரிக்கக் குடிமகளாக இறந்த புனித பிரான்செஸ்கா சவேரியார் கபிரினியைத் தேர்ந்துகொண்டேன். குருமடத்தில் நான் பயின்ற நாட்களில், மதிய உணவின்போது ஒருவர் நின்று புனிதர் வரலாறு வாசிக்க, மற்றவர்கள் மௌனமாகச் சாப்பிடுவோம். அப்படித்தான் இந்த அன்னை எனக்கு அறிமுகமானார். வாசித்த சகோதரர் மூட்டைப்பூச்சி வரும் இடத்தில் சிரித்துவிட, அதிபர் மேசையைத் தட்டியது இன்னும் நினைவிருக்கிறது. மூட்டைப்பூச்சிக்கு அப்பால் இவ்வரலாற்றில் என்ன இருக்கிறது என்பது, பங்கு பங்காக மாற்றலாகிச் சென்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

சொந்த மண்ணில் வாழ வழியின்றி வேற்று நாட்டில் போய் ஒதுங்குவோரை நாம் பொதுவாக அகதிகள் என்கிறோம். 1951-ல் ஜெனீவாவில் உருவான உடன்படிக்கையோ, இனம், சமயம், அரசியல் கருத்து முதலியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தலுக்கு அஞ்சி வந்தவரையே அகதி என்று கொள்ளுகிறது. பசிக்கு அஞ்சி ஓடிவந்தவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். அன்னை கபிரினி ஊழியம் செய்த இத்தாலியர் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர். சட்டத்திற்கு இந்த வேற்றுமை தேவைதான். ஆனால் துறைமுகத்தில் இறங்கியபின் இருவருக்கும் நேர்வதில் வேற்றுமை அதிகமில்லை. மொழி தெரியாது, தங்க இடம் இல்லை, கூலி குறைவு, ஏளனம் மிகுதி. ஊரோடு ஒட்டிக்கொள்ள இருவருக்கும் ஒரே வகையான கைத்தாங்கல்தான் வேண்டியிருக்கிறது.

இத்தாலியின் வடக்கே லோம்பார்தி நாட்டில் சாந்த் ஆஞ்சலோ லோதிஜானோ என்னும் சிற்றூரில், 1850-ஆம் ஆண்டு ஜூலை 15-ம் நாள் அவர் பிறந்தார். தந்தை அகுஸ்தீனோ, தாய் ஸ்தெல்லா. பயிர்த்தொழில் செய்த குடும்பம். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையானபடியால், பிழைக்குமோ என்ற அச்சத்தில் அன்றைக்கே கோயிலுக்குத் தூக்கிச் சென்று ஞானஸ்நானம் கொடுத்தார்கள். உடன்பிறந்தோர் பலரில் பிள்ளைப் பருவம் தாண்டியவர் மிகச் சிலரே. மாலை வேளைகளில் தந்தையார் வேதபோதகர் வரலாறுகளை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுவார். அதைக் கேட்டு வளர்ந்த சிறுமி, லிவ்ராகாவில் குருவாயிருந்த தாய்மாமன் வீட்டுக்குப் போனால், காகிதத்தில் கப்பல் செய்து, அதில் ஊதாப் பூக்களை ஏற்றி, அவையே சீன தேசத்துக்குப் போகும் வேதபோதகர்கள் என்று சொல்லி வாய்க்காலில் விடுவாள். ஒருநாள் கால் வழுக்கி அந்தத் தண்ணீரிலேயே விழுந்தாள். எடுத்துக் காப்பாற்றினார்கள், ஆனால் தண்ணீரைக் கண்டால் நடுங்கும் பயம் ஆயுள் முழுதும் அவரை விடவில்லை. பிற்காலத்தில் இருபது முறைக்கும் அதிகமாக அட்லாண்டிக் மாகடலைக் கடந்தவர் இவர் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

1868-ல் ஆசிரியைத் தகுதி பெற்றார். 1870-ல் பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்தனர். ஈராண்டு கழித்து, நோயாளிகளைப் பார்க்கப் போய்த் தாமும் பெரியம்மையில் விழுந்து எழுந்தார். கன்னியர் மடத்தில் சேரக் கேட்டார். உடல்நிலை போதாது என்று திருப்பிவிட்டார்கள். அவரை ஏற்க மறுத்த தலைவியரைக் குறை சொல்ல நான் முன்வரமாட்டேன். நோஞ்சானாக இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்த எவரும் அப்படித்தான் முடிவு செய்திருப்பார்கள்.

1874-ல் கொதோஞ்ஞோ என்ற ஊரில் சீர்கெட்டுக் கிடந்த ஓர் அனாதை இல்லத்தைச் சரிசெய்யச் சில நாட்களுக்கென்று அனுப்பப்பட்டார். சில நாள் ஆறு ஆண்டாயிற்று. இல்லத்தை நடத்திய அம்மையார் கொடுத்த தொல்லை கொஞ்சமன்று. அதற்குள்ளேயே 1877-ல் வார்த்தைப்பாடு கொடுத்தார். 1880-ல் லோதி ஆயர் அந்த இல்லத்தை மூடினார். வேதபோதகக் கன்னியர் சபை ஒன்றில் சேரும் ஆசையை கபிரினி சொன்னபோது, பெண்களுக்கு அப்படி ஒரு சபை இருப்பதாகத் தமக்குத் தெரியவில்லை, ஆகவே அவரே ஒன்றைத் தொடங்கலாம் என்று ஆயர் கூறிவிட்டார். அவ்வாண்டு நவம்பர் 14-ல் ஏழு பெண்களோடு தொடங்கியதுதான் திரு இருதய மறைபரப்புக் கன்னியர் சபை. நம் முத்துக்குளித்துறைக் கரையில் கால்நடையாய் நடந்து ஞானஸ்நானம் கொடுத்த அதே பிரான்சிஸ் சவேரியாரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவரைப் போலச் சீனாவுக்குப் போவதே இவருடைய கனவு.

கனவு வேறு பக்கம் திரும்பியது. 1887-ல் பியாசென்சா மறைமாவட்ட ஆயர் ஸ்கலபிரினி, அமெரிக்கா சென்ற இத்தாலியருக்கென்று குருக்கள் சபை ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். அந்த மக்களுக்குக் கன்னியரும் வேண்டும் என்று கபிரினியை அழைத்தார். அன்னைக்கு மனம் இல்லை. உலகம் முழுவதையும் எண்ணிக்கொண்டிருந்தவருக்கு நியூயார்க் ஒரு சிறிய இடமாகத் தோன்றியதாம். முடிவில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரிடம் போனார். கிழக்கே அல்ல, மேற்கே போகவேண்டும் என்று திருத்தந்தை சொன்னார். அத்தோடு விவாதம் முடிந்தது. ஆறு கன்னியரோடு கப்பலேறி, 1889-ஆம் ஆண்டு மார்ச் 31-ம் நாள் நியூயார்க் வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் கண்டது என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

இத்தாலி ஒரே நாடாக ஆனபின் தென் பகுதியின் ஏழை உழவர் நிலை உயரவில்லை, வரி உயர்ந்தது. நிலம் பெருநிலக்கிழார் கையில். மலேரியாக் காய்ச்சல் ஒருபுறம், திராட்சைக் கொடிகளைத் தாக்கிய பூச்சி மறுபுறம். ஊர் ஊராக மக்கள் புறப்பட்டார்கள். 1880-க்கும் 1920-க்கும் இடையே ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்கக் கரையில் இறங்கினார்கள். துறைமுகத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தவன் பத்ரோனே. நம்மவர்கள் கங்காணி என்று சொல்வார்களே, அதே ஆள். வேலை பிடித்துக் கொடுப்பான், கப்பல் செலவுக்கு முன்பணம் கொடுப்பான், அரிசி பருப்பு விற்கிற கடைபோல் தன் கடையிலேயே சாமான் வாங்க வைப்பான். கூலி கைக்கு வருமுன் பெரும்பகுதி அவனுக்குப் போய்விடும். சாக்கடைக் குழி தோண்டுதல், ரயில் பாதை போடுதல், சுரங்கம், கந்தல் பொறுக்குதல், செருப்புக்கு மெருகு போடுதல் ஆகியவை அவர்களுக்குக் கிடைத்த தொழில்கள். மல்பெரி தெரு முதலிய பகுதிகளில் காற்றோட்டமில்லாத அடுக்குக் கட்டடங்களில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமும் அதற்கு மேலும் அடைந்து கிடந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வந்தவர்களில் பெரும்பங்கு ஆண்கள் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடே வந்தவர்கள். பாதிப்பேர் அளவுக்குத் திரும்பியும் போனார்கள். திரும்பப் போகிறவன் எதற்காக ஆங்கிலம் படிக்கவேண்டும், எதற்காக வீடு வாங்கவேண்டும்? அமெரிக்கர்களும், இவர்கள் தங்குகிறவர்கள் அல்லர் என்று கழித்துப் பேசினார்கள். இப்படி இரு பக்கமும் ஒருவரையொருவர் தற்காலிகமாகவே எண்ணிக்கொண்டிருக்க, பிள்ளைகள் மட்டும் தெருவில் வளர்ந்தார்கள்.

கோயிலில் என்ன நிலை என்று கேட்பீர்கள். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நியூயார்க்கில் கத்தோலிக்கத் திருச்சபை அப்போது பெரும்பாலும் அயர்லாந்துக்காரர் கையில் இருந்தது. அவர்களும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் பஞ்சத்தால் ஓடிவந்தவர்களே. உருளைக்கிழங்கு அழுகி, பிணங்களை வழியில் விட்டுவந்தவர்கள். அவர்கள் காசு காசாகச் சேர்த்துக் கட்டிய கோயில்களில், பின்னால் வந்த இத்தாலியருக்கு மேல்தளத்தில் இடம் கிடைக்கவில்லை. பல கோயில்களில் அவர்களுக்குப் பூசை கீழே நிலவறையில் நடந்தது. இத்தாலியர் அழுக்கானவர்கள், ஞானோபதேசம் தெரியாதவர்கள், காணிக்கைத் தட்டில் ஒன்றும் போடாதவர்கள் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். கடைசிக் குற்றச்சாட்டில் கொஞ்சம் உண்மை உண்டு. ஊரில் கோயிலை மானியமும் பழைய சொத்தும் காப்பாற்றிவந்ததால், பங்குமக்கள் கொடுத்துத்தான் கோயில் நடக்கவேண்டும் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தி. ஆனால் ஒன்று. முன்னால் வந்த அகதி பின்னால் வந்தவனை நிலவறைக்கு அனுப்பினான் என்ற உண்மையை எந்தக் காரணமும் மறைக்காது. நம் கோயில்களில் எவரையும் எந்நாளும் ஒதுக்கி உட்காரவைத்ததில்லை என்று மார்தட்ட என்னால் முடியாது; ஆகவே அயர்லாந்துக் குருக்களை இதற்கு மேல் நான் வையவில்லை.

அன்னையும் கன்னியரும் வந்து சேர்ந்த முதல் இரவு, தங்குவதற்கு வீடு ஆயத்தமாக இல்லை. இத்தாலியர் பகுதியில் கிடைத்த ஒரு மலிவான விடுதியில் அறை எடுத்தார்கள். படுக்கையைப் பார்த்தால் மூட்டைப்பூச்சியும் எலியும். எவரும் படுக்கவில்லை, நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே செபித்து விடியவைத்தார்கள். காலையில் பேராயர் கோரிகனைப் பார்க்கச் சென்றபோது இன்னும் பெரிய அதிர்ச்சி. அனாதை இல்லத்துக்கெனத் திட்டமிட்ட ஏற்பாடு நின்றுபோயிற்று, இப்போதைக்கு வரவேண்டாம் என்று கடிதம் எழுதியிருந்தேனே என்றார் பேராயர். கடிதம் போய்ச் சேருமுன் இவர்கள் கப்பலேறிவிட்டார்கள். வந்த கப்பலிலேயே திரும்பிப் போவது நல்லது என்றார். அன்னை மிகப் பணிவாக, திருத்தந்தை அனுப்பியதால் வந்தோம், ஆகவே இங்கேயே இருப்போம் என்று கூறிக் கடிதங்களை மேசைமேல் வைத்தார்.

பேராயரைக் கல்மனத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். பணம் போதாது; இல்லத்துக்குக் குறித்த இடமோ செல்வர் வாழும் 59-வது தெருவில் இருந்தது. அழுக்குடைப் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து வைத்தால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா என்று அவர் அஞ்சியதில் நியாயம் உண்டு. அந்த முயற்சிக்குப் பின்னால் நின்ற தி செஸ்னோலா சீமாட்டிக்கும் அவருக்கும் இதில்தான் பிணக்கு. பேராயரே அன்றைக்குக் கன்னியருக்கு வேறு ஒரு சபையாரிடம் தங்க இடம் ஏற்பாடு செய்தார். பின்னர் சீமாட்டியோடு சமாதானமாகி அனாதை இல்லத்துக்கு அனுமதியும் கொடுத்தார்.

இல்லம் திறந்தாயிற்று, பிள்ளைகளுக்குச் சோறு? கன்னியர் இருவர் இருவராகக் கூடையை எடுத்துக்கொண்டு இத்தாலியர் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். காய்கறிக்காரர், ரொட்டிக் கடைக்காரர், இறைச்சிக் கடைக்காரர் எல்லாரும் கொடுத்தார்கள். கோயில் தட்டில் காசு போடாத அதே இத்தாலியர்தாம். தங்கள் பேச்சைப் பேசுகிறவர், தங்கள் பிள்ளைக்கே கேட்கிறார் என்றபோது கை நீண்டது. இந்த இடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரு பங்குக்கு மாற்றலாகிச் சென்ற புதிதில், பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தினர் பிள்ளைக்குப் புதுநன்மை கேட்டு வந்தார்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் எங்கே என்பதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. கொண்டுவருகிறோம் சுவாமி என்று போனவர்கள் பிறகு வரவே இல்லை. சான்றிதழ் கேட்டது சட்டப்படி சரி. முதல் கேள்வியாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

ஸ்கலபிரினி குருக்கள் நடத்திய புனித சுவக்கீன் கோயிலில் பள்ளி தொடங்கியபோது தனிக் கட்டடம் கிடையாது. பூசை முடிந்ததும் கோயிலே பள்ளிக்கூடம். ஆங்கிலமும் இத்தாலிய மொழியும் இரண்டும் கற்பித்தார்கள். அமெரிக்காவில் வாழப்போகும் பிள்ளைக்கு இத்தாலிய மொழி எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. குடியேறிய வீடுகளில் நடப்பதை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். பிள்ளை தெருவில் ஆங்கிலம் பிடித்துக்கொள்ளும். தாய்க்கு அது வராது. வாடகைக்காரனிடமும் போலீஸ்காரனிடமும் எட்டு வயதுப் பையன் தகப்பனுக்காகப் பேசுவான். நாளடைவில் பேசத் தெரியாத தகப்பன் அவன் கண்ணுக்கு முட்டாளாகத் தெரிவான். தாய்மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அந்த இளக்காரம் வராது. புதிய நாட்டோடு சேரவேண்டுமானால் பெற்றவளை வெறுக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதை அன்னை வாதம் செய்து நிறுவவில்லை. பாடவேளை போட்டு நடத்திக் காட்டினார்.

1890-ல் ஹட்சன் ஆற்றங்கரையில் வெஸ்ட் பார்க் என்ற இடத்தில் யேசு சபையார் தங்கள் நிலத்தை மலிவாக விற்றார்கள். மலிவுக்குக் காரணம், அங்கே நல்ல தண்ணீர் இல்லை. அன்னை வாங்கினார், தோண்டச் செய்தார், ஊற்று கிடைத்தது. யேசு சபையாருக்குக் கிடைக்காத தண்ணீர் கன்னியருக்குக் கிடைத்ததை எங்கள் குருமடத்தில் வாசித்தபோதும் ஒரு சிரிப்பு எழுந்தது. அப்போது அதிபரும் சேர்ந்துகொண்டார்.

தென்புறத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நடந்ததோ சிரிப்பதற்குரியதன்று. 1890 அக்டோபரில் அந்நகரின் போலீஸ் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தாலியர் பலரைப் பிடித்து அடைத்தார்கள். 1891 மார்ச் மாதத்தில் நீதிமன்றம் சிலரை விடுவித்தது. மறுநாள், 14-ம் தேதி, பெருங்கூட்டம் ஒன்று சிறையை உடைத்துப் புகுந்து 11 இத்தாலியரைக் கொன்றது. விடுதலை பெற்றவர்களும், விசாரணையே நடவாதவர்களும் அந்தப் பதினொருவரில் இருந்தார்கள். கொன்றவர்களில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இத்தாலி தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1892-ல் அமெரிக்க அரசு 25,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. அதே 1892-ல்தான் அன்னை தம் கன்னியரை அந்நகரில் குடியேற்றினார். கலவரம் நடந்த ஊரில், பயந்து ஒடுங்கிய மக்களுக்கு நடுவே, ஒரு பழைய குடியிருப்பில் பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கின. 1905-ல் அங்கே மஞ்சள் காய்ச்சல் பரவியபோது, சுகாதார அதிகாரிகளைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்ட இத்தாலியர், கன்னியர் வந்து தங்கள் மொழியில் எடுத்துச் சொன்ன பிறகு கதவைத் திறந்தார்கள். பதின்மூன்று ஆண்டு பக்கத்தில் இருந்து சம்பாதித்த நம்பிக்கை அது.

மருத்துவமனைத் தொழிலில் இறங்க அன்னைக்கு விருப்பமே இருந்ததில்லை. நம் சபை பள்ளிக்கும் அனாதைகளுக்கும் என்று சொல்லித் தட்டிக்கழித்து வந்தார். ஆனால் நகர மருத்துவமனைகளில் இத்தாலிய நோயாளிகள், எங்கே வலிக்கிறது என்று சொல்லவும் முடியாமல் கிடந்தார்கள். கன்னியர் ஒருமுறை பார்க்கப் போனபோது, ஒரு நோயாளி ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்றைத் தலையணைக்குக் கீழிருந்து எடுத்துக் கொடுத்தான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சொல்ல அங்கே ஆளும் இல்லை. மூன்று மாதமாக வைத்திருந்தான். தாயார் இறந்த செய்தி அதில் இருந்தது. அன்னையின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் இந்நிகழ்ச்சியோடு, அவர் கண்ட ஒரு கனவையும் சொல்கிறார்கள். தேவதாய் கைச்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நோயாளிகளின் படுக்கைகளுக்கிடையே வேலை செய்யக் கண்டாராம். உதவிக்கு ஓடியபோது, நீ செய்ய மறுப்பதை நான் செய்கிறேன் என்று மாதா சொன்னாராம்.

அதன்பின் மறுப்பில்லை. 1892-ல் 250 டாலர் கையிருப்போடு, வாடகை வீட்டில், பத்து நோயாளிகளுக்கு இடம் செய்து மருத்துவமனை தொடங்கியது. கொலம்பஸ் என்று பெயர் வைத்தார். அவர் அமெரிக்கா கண்ட 400-வது ஆண்டு அது. கோயிலை வெறுத்த இத்தாலியனும் கொலம்பஸை ஏற்பான். அமெரிக்கனுக்கோ அவர் ஒரு வீரர். புனிதர் பெயர் வைக்கவில்லையே என்று மனத்தாங்கல் கொண்டவர் இருந்திருக்கலாம். நோயாளி படியேறி வருவது முதலில் நடக்கட்டும் என்பது அன்னையின் எண்ணம்.

நடுவே நிக்கராகுவா போனார். 1894-ல் அங்கே ஆட்சி மாறியதும் கன்னியர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அகதிகளுக்கு ஊழியம் செய்தவர்களே அகதிகளாகப் பனாமாவுக்குப் போனார்கள். 1895 முடிவில் ஆண்டிஸ் மலையைக் கோவேறு கழுதைமீது கடந்து அர்ஜென்டினா சேர்ந்தார். பாரிசிலும் மாட்ரிடிலும் லண்டனிலும் இல்லங்கள் எழுந்தன. இவற்றையெல்லாம் விரித்தால் மலர்க் குழுவினர் எனக்கு ஒதுக்கிய பக்கம் போதாது.

டென்வர் நகரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1902-ல் அங்கே போனார். அந்தப் பகுதிச் சுரங்கங்களில் இத்தாலியர் ஏராளம். ஞாயிற்றுக்கிழமையும் மேலே வராத அவர்களைக் கோயிலுக்கு அழைத்துப் பயனில்லை. ஆகவே கன்னியர் சுரங்கக் கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கே இறங்கினார்கள். கையில் விளக்கோடு, கரிபடிந்த சுவர்களுக்கு நடுவே, தாய்மொழியில் நலம் விசாரித்தார்கள். சிங் சிங் சிறையில் இருந்த இத்தாலியக் கைதிகளையும் இவ்வாறே தேடிப்போய்ப் பார்த்தார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதவும், அதிகாரிகளிடம் பேசவும் உதவினார்கள்.

சிக்காகோவில் வேறொரு பாடம் கிடைத்தது. 1905-ல் மருத்துவமனைக்காக நார்த் ஷோர் என்ற பெரிய ஓட்டலை 1,60,000 டாலருக்கு வாங்க ஒப்பந்தம். விற்பவர் அளவில் குறை வைக்கிறார் என்று அன்னைக்குச் சந்தேகம். விடியற்காலையில் கன்னியர் இருவரை அனுப்பி, நூலைத் துண்டு துண்டாகக் கட்டி இடத்தை அளக்கச் சொன்னார். 25 அடி குறைந்தது. அதையும் சேர்த்துத்தான் பத்திரம் எழுதப்பட்டது. பிறகு அவர் ஊரில் இல்லாத சமயம் பார்த்துக் கட்டட ஒப்பந்தக்காரர்கள் கணக்கை ஏற்றினார்கள். திரும்பி வந்தவர் அவர்களை நிறுத்திவிட்டுத் தாமே ஆள் வைத்து மேற்பார்வை செய்தார். புனிதர்கள் என்றால் உலக விவகாரம் அறியாதவர்கள் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்நிய நாட்டில், பெண்ணாக, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தோடு இருந்தவர் ஏமாற்றுக்காரரிடம் ஏமாறவில்லை என்ற செய்தி இத்தாலியக் குடியிருப்புகளில் எவ்வளவு தெம்பு கொடுத்திருக்கும்!

இத்தாலியருக்கென்று தனிப் பள்ளி, தனி இல்லம், தனி மருத்துவமனை என்று வைத்தால், அவர்கள் எந்தக் காலத்திலும் நாட்டோடு கலக்கமாட்டார்கள் என்று அந்நாளில் பலர் வாதிட்டனர். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அன்று. தனித்தனிக் கூடாரம் அடித்து உட்கார்ந்துவிட்டால் அதுவே சுவராகிவிடும் என்பதை நாமும் கண்டிருக்கிறோம். அன்னையின் வழி என்னவென்றால், தொடக்கம் தங்கள் மொழியில், தங்கள் மக்களிடையே. முடிவு எல்லாருக்கும் திறந்த வாசல். கொலம்பஸ் மருத்துவமனைகளில் எந்த நாட்டாரும் சிகிச்சை பெற்றார்கள். ஒரு காலத்தில் அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பெயரால் நின்ற மருத்துவமனையில், ஒதுக்கியவர்களே வந்து படுக்கும் நிலை உண்டாயிற்று. என் எண்ணத்தில், கலப்பு என்பது அப்படித்தான் நடக்கும். வந்தவன் வாங்குபவனாகவே இருக்கும்வரை அவன் விருந்தாளி. கொடுக்கத் தொடங்கிய அன்று வீட்டுக்காரன். இது என் சொந்தக் கருத்து; இதற்கு மாறான கருத்துள்ளவர்கள் பூசைக்குப்பின் வந்து வாதிடலாம்.

1909-ல் சியாட்டில் நகரில் அன்னை அமெரிக்கக் குடியுரிமை ஏற்றார். வந்து இருபது ஆண்டுக்குப் பின், 59-வது வயதில். திரும்பிப் போகும் எண்ணத்தில் பாதி மனத்தோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான இத்தாலியருக்கு, அவர்களின் அன்னை அந்நாட்டின் மீது ஆணையிட்டுத் தன் பெயரைப் பதிவுசெய்தது சாதாரணச் செய்தி அன்று. அதற்காக இத்தாலியை அவர் கைவிடவும் இல்லை. சபையின் பணிக்காகக் கப்பல் பயணமும் கடல் பயமும் அதன் பிறகும் தொடர்ந்தன.

உடல் எப்போதோ களைத்துவிட்டது. மலேரியாக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. 1917-ல் சிக்காகோ மருத்துவமனையில் தங்கியிருந்தார். போர்க்காலம், எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமசுக்கு இவ்வாண்டு மிட்டாய் இராது என்று கேள்விப்பட்டு, செலவைப் பாராமல் வாங்கச் சொன்னார். டிசம்பர் 21-ம் நாள் கன்னியரோடு உட்கார்ந்து மிட்டாய்களைப் பொட்டலம் கட்டினார். மறுநாள் 22-ம் தேதி, தம் அறையில் நாற்காலியில் அமர்ந்தபடியே ஆண்டவரிடம் சென்றார். வயது 67. அவர் ஏற்படுத்திய நிறுவனங்களும் 67 என்பார்கள். அடக்கப் பூசை நிறைவேற்றிய சிக்காகோ பேராயர் முண்டலைன், பின்னர் கர்தினாலாகி, 1938 நவம்பர் 13-ல் உரோமையில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்ட நாளன்று பூசை செய்யும் பேற்றையும் அடைந்தார். தாம் அடக்கம் செய்த ஒருவருக்கு இப்படிச் செய்யும் வாய்ப்பு எத்தனை ஆயர்களுக்குக் கிடைக்கும்!

1946 ஜூலை 7-ல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதர் என அறிவித்தார். அமெரிக்கக் குடிமக்களில் அப்பட்டம் பெற்ற முதல்வர், நிலவறையில் பூசை கண்ட இனத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி. 1950-ல் அதே திருத்தந்தை குடியேறியோரின் பாதுகாவலியாக அவரை ஏற்படுத்தினார். அவர் பரிந்துரையால் நடந்த புதுமைகள் பல உண்டு. அவற்றைத் தனி நூல்களில் வாசித்துக்கொள்ளலாம். அவரை மேற்கே அழைத்த ஆயர் ஸ்கலபிரினியும் 2022 அக்டோபர் 9-ல் புனிதர் பட்டம் பெற்றார். 2020-ல் கொலராடோ மாநிலம், கொலம்பஸ் பெயரால் இருந்த அரசு விடுமுறையை நீக்கி, அதற்குப் பதிலாக அக்டோபர் முதல் திங்கட்கிழமையைக் கபிரினி நாளாக ஆக்கியது. மருத்துவமனைக்குக் கொலம்பஸ் பெயரைத் தேடி வைத்தவர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

சிக்காகோவின் அந்தக் கொலம்பஸ் மருத்துவமனை இன்று இல்லை, மூடி இடித்துவிட்டார்கள். உயரமான குடியிருப்புக் கட்டடங்கள் அந்த இடத்தில் எழுந்துவிட்டன. அவற்றின் நடுவே அன்னையின் திருத்தலத்தை மட்டும் விட்டுவைத்து, 2012-ல் மீண்டும் திறந்தார்கள். அவர் உயிர்விட்ட அறையை அதற்குள் காக்கிறார்கள்.